மாரிசெல்வி கேட்ட தண்ணீர்

செல்லக்கனிக்கு முதல் பிள்ளை மூன்று நாள்தான் தங்கியது. பெண் பிள்ளை. இரண்டாம் நாளே உடம்பு நீலம் பாரித்துவிட்டது. சாமியாரைக் கூட்டிவந்து ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும் என்று அவள் அழுதாள். புருசன் காளிராஜ் இந்து. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் வைத்து அவள் கழுத்தில் தாலி கட்டியவன். "மொதல்ல பிள்ள பிழைக்கட்டும், அப்புறம் எந்தச் சாமிக்குன்னு பாப்போம்" என்றான். பிள்ளை பிழைக்கவில்லை.

குழி மூடிய வாரம் உபதேசியார் துக்கம் விசாரிக்க வந்தார். சிறுவயதில் அவளுக்கு ஜெபமும் ஞான உபதேசமும் சொல்லிக்கொடுத்த மனிதர்.

"சாமியார் வரணும்னு எதுக்கும்மா காத்திருந்த? சாகப் போற ஆபத்துன்னா யார் வேணும்னாலும் கொடுக்கலாமே. ஒரு டம்ளர் தண்ணி போதும். பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்னு சொல்லிக்கிட்டே தலையில ஊத்தணும். அம்புட்டுத்தான். நாந்தானே உனக்குச் சொல்லிக் கொடுத்தேன், மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தாள்.

"இப்ப எம்பிள்ள எங்கன இருக்கும்?" என்று கேட்டாள்.

அவர் நல்ல மனிதர். ஆறுதலுக்காகப் பொய் சொல்லத் தெரியாதவர். தான் படித்ததைச் சொன்னார். "மோட்சத்துக்கும் போகாது, நரகத்துக்கும் போகாது. நடுவுல ஒரு இடம் இருக்கு. அங்க வலி கிடையாது. ஆனா ஆண்டவர் முகத்தப் பாக்க முடியாது. நீயும் அதப் பாக்க முடியாது."

அதற்கப்புறம் செல்லக்கனிக்குப் பிள்ளையே உண்டாகவில்லை. மாரியம்மன் கோயிலில் வைத்துத் தாலி வாங்கியவள் என்பதால் பூசையில் அவளுக்கு நற்கருணையும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, எல்லோரும் நன்மை வாங்க எழுந்து போகும்போது தலையைக் குனிந்துகொள்வாள். பன்னிரண்டு வருசம் இப்படிப் போனது. இந்தப் பன்னிரண்டு வருசத்தில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அவளுக்கு அந்த நீலமான தலை ஞாபகத்துக்கு வரும்.

எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவளுக்கு வேலை. சக்கரத்துக்கு மருந்து அடைக்கிற ரூம். வாசலில் 'ஆட்கள் 4' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கும். உள்ளே பதினோரு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அதிகாரிகளின் ஜீப் வருகிறது என்று தெரிந்தால் போர்மேன் காசிராஜன் விசில் ஊதுவார். ஏழு பேர் எழுந்து ஓடைக்குள் ஓடி ஒளிய வேண்டும்.

அந்த ரூமில் அவளுக்கு அடுத்தபடியாக உட்கார்ந்திருந்தவள் மாரிசெல்வி. இருபத்திரண்டு வயது. வாய் ஓயாத பெண். வேனில் ஏறியதிலிருந்து இறங்குகிறவரை அவள் பேச்சுத்தான் கேட்கும். புருசன் முனியராஜ் கல்குவாரியில் வேலை பார்த்தான். அவனை அவள் வேனிலேயே வைத்துக் கேலி செய்வாள். பிறகு அவனுக்கென்று தூக்குவாளியில் தனியாக மீன்குழம்பு எடுத்து வைத்திருப்பதையும் அவளே சொல்லிச் சிரிப்பாள். செல்லக்கனி வேலைக்கிடையே முனகுகிற மாதா பாட்டை அவள் கவனித்துக் கேட்டிருக்கிறாள்.

"உங்க மாதாவும் எங்க மாரியாத்தா மாதிரித்தான்க்கா. ரெண்டு பேரும் பொம்பள கஷ்டம் தெரிஞ்சவுக" என்று ஒருநாள் சொன்னாள். அம்புட்டுத்தான் அவள் சொன்னது. செல்லக்கனி அதைப் பத்திரமாக மனசுக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருசம் பங்குனி மாசம். தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. அன்று தண்ணீர் லாரி வரவில்லை. டிரம்மின் அடியில் கிடந்ததை மொண்டு வருகிறேன் என்று செல்லக்கனி பாட்டிலோடு வெளியே போனாள். அரை பாட்டில்தான் தேறியது. அவள் திரும்பி நாலு எட்டு வைப்பதற்குள் ரூம் வெடித்தது.

காற்று அவளைத் தூக்கி முள்ளுக்குள் போட்டது. எழுந்து பார்த்தபோது ரூம் இருந்த இடத்தில் வெள்ளைப் புகைதான் நின்றது. காதில் சத்தமே இல்லை. புகைக்குள்ளிருந்து யாரோ நடந்து வந்தார்கள். சேலை இல்லை. தோல் சேலை மாதிரித் தொங்கியது. வேலிக்கருவை மரத்தடியில் வந்து உட்கார்ந்து, முகத்தை அவள் பக்கம் திருப்பியபோதுதான் அது மாரிசெல்வி என்று தெரிந்தது.

"அக்கா, தண்ணி" என்றாள் மாரிசெல்வி. காது கேட்காவிட்டாலும் அந்த வாய் அசைவு புரிந்தது. "தண்ணிக்கா."

செல்லக்கனி பாட்டிலைத் திறந்தாள். இவள் பிழைக்க மாட்டாள் என்று பார்த்தவுடன் தெரிந்தது. அரை பாட்டில் தண்ணீர். இந்தத் தடவை மறக்கக் கூடாது என்பது மட்டும்தான் அவள் மண்டைக்குள் இருந்தது. மாரிசெல்வியின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, முடி கருகிப்போன நெற்றியில் மூன்று தடவையாக ஊற்றினாள். "மரியா, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். பெயர்கூட வைத்துவிட்டாள்.

நெற்றியிலிருந்து வழிந்த தண்ணீரைப் பிடிக்க மாரிசெல்வி நாக்கை நீட்டினாள். தண்ணீர் மூக்கின் ஓரமாக இறங்கி, கன்னத்தில் வழிந்து மண்ணுக்குப் போனது. நாக்குக்கு எட்டவில்லை. பாட்டில் காலி.

பத்தடி தள்ளி, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்ற காசிராஜன் எல்லாவற்றையும் பார்த்தார்.

ரூமில் இருந்த பத்துப் பேரில் ஏழு பேர் அங்கேயே போனார்கள். மூன்று பேரை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதில் இரண்டு பேர் போய்ச் சேருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. மாரிசெல்வி மட்டும் உயிரோடு கிடந்தாள்.

அந்த நாலு நாளும் செல்லக்கனி சந்தோசமாக இருந்தாள் என்று சொன்னால் கேட்கிறவர்களுக்கு அருவருப்பாக இருக்கும். ஆனால் அதுதான் உண்மை. ஒன்பது வீட்டில் ஒப்பாரி கேட்ட ஊரில், அவளுக்குப் பன்னிரண்டு வருசத்துப் பாரம் இறங்கியிருந்தது. ஒரு ஆத்துமாவையாவது அனுப்பி வைத்துவிட்டோம் என்று நினைத்தாள். தன் பிள்ளைக்குச் செய்யாததை இவளுக்குச் செய்தாயிற்று; ஆண்டவர் இதைக் கணக்கில் வைத்து அந்தப் பிள்ளைக்கும் ஒரு வழி விடமாட்டாரா என்றும் நினைத்தாள். நாலாம் நாள் பஸ் ஏறி மதுரைக்குப் போனாள்.

மாரிசெல்வி கொசுவலைக்குள் கிடந்தாள். பேச்சு இருந்தது. மாமியார் மாடத்தி காலடியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வந்துட்டீகளா" என்றாள் மாரிசெல்வி. "இருக்கன்குடிக்கு ஒரு மாவிளக்கு நேர்ந்திருக்கேன். நான் போயிட்டா இவுக மறந்துருவாக. நீங்க ஞாபகப்படுத்துங்க."

சரி என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. ஆனால் செல்லக்கனிக்குப் பயம் வந்துவிட்டது. கழுவிச் சுத்தமாக்கிய ஆத்துமா, கடைசி நேரத்தில் மறுபடியும் மாவிளக்கைத் தேடிப் போகிறதே என்று பயந்தாள். வலைக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"மாரி, இனிமே உனக்கு அதெல்லாம் வேண்டாம் தாயி. நீ இப்ப ஆண்டவரோட பிள்ள. அன்னைக்கு மரத்தடியில நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுத்துட்டேன். பேரு மரியான்னு வச்சிருக்கேன்."

மாரிசெல்வி அவளைப் பார்த்தாள். இமை கருகிப்போன கண், மூட முடியாத கண்.

"என்னயக் கேக்காமலா?" என்றாள்.

"மாரி..."

"நான் தண்ணிதானக்கா கேட்டேன்."

விசிறி நின்றது. மாடத்தி எழுந்து செல்லக்கனியின் முடியைப் பிடித்து வார்டுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனாள். மறுநாளும் செல்லக்கனி போனாள். அவளை உள்ளே விடக் கூடாது என்று மாரிசெல்வியே சொல்லியிருந்தாள். ஆறாம் நாள் மாரிசெல்வி செத்தாள். ஊருக்குக் கொண்டுவந்து, அவர்கள் வழக்கப்படி மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி எடுத்துப் போனார்கள். செல்லக்கனி தெருமுனையில் நின்று பார்த்தாள்.

அன்று சாயங்காலமே அவள் பங்குச் சாமியாரிடம் போனாள். இன்னாசிமுத்து சாமி இளவயதுக்காரர், நிறையப் படித்தவர், கோபப்படாதவர். நடந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு ஞானஸ்நானம் வேணும்னு கேட்டாளா?"

"தண்ணி கேட்டா சாமி."

"எதுக்குக் கேட்டா?"

செல்லக்கனி முந்தானையை விரலில் சுற்றினாள்.

"சொல்லும்மா. எதுக்கு?"

"குடிக்க."

சாமியார் பெருமூச்சு விட்டார். "முன்னாடி எப்பவாவது கிறிஸ்தவளாகணும்னு ஆசைப்பட்டதுண்டா?"

"மாதாவும் மாரியாத்தாளும் ஒண்ணுதான்னு சொல்லியிருக்கா."

"அது போதாது. பச்சப் பிள்ளைக்குன்னா கேக்க வேண்டியதில்லை. பெரியவங்க தன் மனசார விரும்பணும். விரும்பாதவங்க தலையில குடம் குடமா ஊத்தினாலும் அது ஞானஸ்நானம் ஆகாது. திருச்சபை யாரையும் கட்டாயப்படுத்தச் சொல்லல. நீ செஞ்சது செல்லாதும்மா."

"அப்ப அவ நரகத்துக்கா போவா?"

"யார் சொன்னா? தன் குத்தமில்லாம ஆண்டவரைத் தெரியாம, மனச்சாட்சிப்படி வாழ்ந்தவங்களுக்கும் ஆண்டவர் வழி வச்சிருப்பார். அதுவும் திருச்சபை சொல்றதுதான். நீ ஊத்தினாலும் ஊத்தாட்டியும் அவளுக்கு அந்த வழி உண்டு."

செல்லக்கனி தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எம்பிள்ள? மூணு நாள் பிள்ள? நடுவுல ஒரு இடத்துல கிடக்குன்னு உபதேசியார் சொன்னாரே."

"அது பழைய காலத்துப் பேச்சு. அப்படி நம்பித்தான் ஆகணும்னு திருச்சபை ஒருநாளும் சொன்னதில்ல. அந்த மாதிரிப் பிள்ளைகளை ஆண்டவரோட இரக்கத்துல ஒப்படைச்சிடுறோம். நீ கலங்க வேண்டாம்."

ஆறுதலாகத்தான் சொன்னார். செல்லக்கனி அதை மெல்ல மெல்லக் கூட்டிப் பார்த்தாள். தண்ணீர் ஊற்ற வேண்டிய பிள்ளைக்கு ஊற்றவில்லை. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லையாம். ஊற்றக் கூடாத பெண்ணுக்கு ஊற்றினாள். அதனாலும் ஒன்றும் கூடிவிடவில்லையாம். கடைசியில் மிச்சம் நின்றது ஒன்றே ஒன்றுதான்: செத்துக்கொண்டிருந்த ஒரு பெண் தண்ணீர் கேட்டாள், இவள் கையில் தண்ணீர் இருந்தது, கொடுக்கவில்லை.

"பாவசங்கீர்த்தனம் கேக்குறீகளா சாமி? எம் பாவத்தச் சொல்லிக்கிடுதேன்."

"பாவமன்னிப்புக் கொடுக்கணும்னா உன் கல்யாணத்த முதல்ல சரிபண்ணணுமேம்மா. காளிராஜ் ஒரு தடவை நம்ம கோயிலுக்கு வரட்டும், பேசுவோம்" என்றார் அவர். காளிராஜ் வரமாட்டான் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

அடுத்த வாரம் வெடிவிபத்து பற்றி ஆர்.டி.ஓ. விசாரணை வைத்திருந்தார்கள். முந்தின நாள் காசிராஜன் அவள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லும் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரூம்ல நாலு பேர்தான் இருந்தாங்க. மத்தவுக வெறகு பொறுக்க காம்பவுண்டுக்குள்ள அத்துமீறி வந்தவுக. அப்படித்தான் சொல்லணும். மாரிசெல்வியும் வெறகு பொறுக்க வந்தவதான்."

"பதினோரு பேர் இருந்தோம்ணே. நான் வெளிய வந்தேன், பத்துப் பேர் உள்ள."

"பாரு செல்லக்கனி. கட்டாய மதமாற்றத்துக்குச் சட்டம் போட்டிருக்காங்க, தெரியும்ல? பொம்பளைய மாத்தினா நாலு வருசம். நீ ஊத்தினத என் ரெண்டு கண்ணால பாத்தேன். ஆஸ்பத்திரியில நீ சொன்னத மாடத்தி கேட்டிருக்கா. முனியராஜ்கிட்ட ஒரு பேப்பர்ல கைநாட்டு வாங்க எனக்கு அஞ்சு நிமிசம் ஆகாது. அவனுக்கு நிவாரணம் வேணும்ல?" எழுந்தவர் வாசலில் நின்று சொன்னார்: "நாலு. மறந்துறாத."

காளிராஜ் அன்று முழுக்க அவளிடம் கெஞ்சினான். கூட இருந்தவர்கள் செத்தாயிற்று, இனி பதினொன்று என்று சொல்லி யாரை எழுப்பப் போகிறாய் என்றான். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

விசாரணையில் அவள் முறை வந்தபோது செல்லக்கனி எழுந்து நின்றாள். "பதினோரு பேர் வேல பாத்தோம்யா. போர்மேன் விசில் ஊதினா ஏழு பேர் ஓடையில போய் ஒளியணும். மாரிசெல்வி வெறகு பொறுக்க வரல. ரெண்டு வருசமா எம் பக்கத்துல உக்காந்து சக்கரம் அடைச்சவ." பத்துப் பெயரையும் வரிசையாகச் சொன்னாள். பிறகு யாரும் கேட்காமலே அதையும் சொன்னாள். "அவ குடிக்கத் தண்ணி கேட்டா. நான் கொடுக்காம, தலையில ஊத்தி எங்க சாமி பேரச் சொன்னேன். அதையும் எழுதிக்கிடுங்க."

எழுதிக்கொண்டார்கள். வெளியே வந்தபோது போலீஸ் ஜீப் நின்றது. புகாரில் முனியராஜின் கைநாட்டு இருந்தது. மாடத்தி ஓடிவந்து அவள் முகத்தில் காறித் துப்பினாள். செல்லக்கனி துடைத்துக்கொள்ளவில்லை.

மதுரை ஜெயிலில் ஒன்பது நாள் இருந்தாள். ஊர்ச் சுவர்களில் அவளைப் பற்றிப் போஸ்டர் ஒட்டினார்கள். சிவகாசியில் இரண்டு கூட்டம் நடந்தது. ஒரு கூட்டத்தில் அவள் வெளிநாட்டுப் பணம் வாங்கியவள் என்றார்கள், இன்னொன்றில் அவள் விசுவாசத்துக்காக ஜெயிலுக்குப் போன வேத சாட்சி என்றார்கள். வெடித்த ரூமைப் பற்றி இரண்டு கூட்டத்திலும் யாரும் பேசவில்லை.

பத்தாம் நாள் இன்னாசிமுத்து சாமி ஒரு வக்கீலோடு இன்ஸ்பெக்டரைப் பார்க்கப் போனார். செல்லக்கனியையும் ஜெயிலிலிருந்து அங்கே கூட்டிவந்திருந்தார்கள். சாமியார் கடிதம் ஒன்று கொடுத்தார். அதில் இப்படி எழுதியிருந்தது: செல்லக்கனி திருச்சபையின் ஒழுங்குக்குள் இல்லாதவர். பங்கின் சார்பில் எதுவும் செய்ய அவருக்கு யாரும் அனுமதி தரவில்லை. பெறுகிறவரின் விருப்பம் இல்லாத ஞானஸ்நானம் திருச்சபைச் சட்டப்படி செல்லாது. ஆகையால் இறந்தவர் மதம் மாறவே இல்லை.

இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை படித்தார். "அப்ப இந்தம்மா ஊத்தினது என்னங்க ஃபாதர்?"

"தண்ணிதான் சார். வெறும் தண்ணி."

"யாரும் மாறலன்னா கேஸே நிக்காதே" என்றார் இன்ஸ்பெக்டர். அவருக்கும் இந்தத் தலைவலி போனால் போதும் என்றிருந்தது. "இந்தம்மாவும் அதயே எழுதிக் கொடுக்கட்டும்."

வக்கீல் எழுதிய தாளை நீட்டினார். 'நான் செய்தது ஞானஸ்நானம் அல்ல என்பதை அறிவேன்.' செல்லக்கனி பேனாவைக் கையில் வாங்கினாள்.

"சாமி, இதுல கையெழுத்துப் போட்டா, நான் அவளுக்கு என்ன செஞ்சேன்னு ஆகும்?"

சாமியாருக்குப் புரிந்தது. அவர் கண் கலங்கியது. ஆனாலும் "போடும்மா, வீட்டுக்குப் போகலாம்" என்றுதான் சொன்னார்.

போட்டாள்.

ஆர்.டி.ஓ. அறிக்கையில் அவள் சாட்சியத்தைத் தள்ளிவிட்டார்கள். குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவர், நம்பத்தகுந்தவர் அல்ல என்று காரணம் எழுதியிருந்தார்கள். ரூமில் நாலு பேர்தான் என்று முடிவானது. மாரிசெல்வி விறகு பொறுக்க வந்தவள் ஆனாள்; முனியராஜுக்குச் சொன்ன நிவாரணமும் வரவில்லை. ஆடி சீசனுக்கு முன்னால் கம்பெனி வேறு பெயரில் திறந்துவிட்டது. செல்லக்கனியை எந்த வேனும் ஏற்றவில்லை. அவள் வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டி ஒட்டினாள்.

ஒருநாள் மத்தியானம் முனியராஜ் வந்தான். சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வராமல் நின்றான். தாடி வளர்ந்திருந்தது.

"அக்கா, ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். கைநாட்டு வச்சதுக்கு என்ன வேணும்னாலும் சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன். ஆனா இதுக்குப் பதில் சொல்லுங்க. எங்காத்தா சொல்லுதா, மாரி உங்க சாமிகிட்டப் போயிட்டாளாம். நாளைக்கு நான் செத்தாலும் அவ இருக்குற இடத்துக்குப் போக முடியாதாம். சாமியார் வேற மாதிரி எழுதிக் கொடுத்தாருன்னும் பேசிக்கிடுறாக. நான் படிக்காதவன். ஸ்டேஷன் பேப்பர நம்ப மாட்டேன். ஊத்தினது நீங்கதானே, நீங்க சொல்லுங்க. எம் பொண்டாட்டி எங்க ஆளாப் போனாளா, உங்க ஆளாப் போனாளா?"

கையெழுத்துப் போட்ட பிறகும் செல்லக்கனி தன் மனசுக்குள் ஓர் ஓரத்தில் கொஞ்சம் நம்பிக்கை வைத்திருந்தாள். சட்டப் புத்தகம் சாமியாருக்குத்தான், ஆண்டவருக்கு இல்லை. அவர் அந்தத் தண்ணீரை ஏற்றுக்கொண்டிருக்கலாம் என்று. அதை யாரிடமும் சொன்னதில்லை. அதை வைத்துத்தான் காலையில் எழுந்தாள், சோறு தின்றாள். இப்போது முனியராஜின் முகத்தைப் பார்த்தாள்.

"உன் பொண்டாட்டியாத்தான் போனா தம்பி" என்றாள். "நான் செஞ்சது செல்லாது. அதுல ஒண்ணுமே இல்ல. அது வெறும் தண்ணி."

"நெசமாவா?"

"எங்க மாதா சத்தியமா."

முனியராஜ் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மனைவி செத்த நாளிலிருந்து முதல் தடவையாக அவன் தோள் தளர்ந்து இறங்கியது. "நல்லாருப்பீகக்கா" என்றான். கும்பிட்டான். படி இறங்கி, சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் தட்டிவிட்டவன் அப்படியே நின்றான். பிறகு திரும்பினான்.

"வெறும் தண்ணின்னா, அவ வாயில ஊத்தியிருக்கலாம்லக்கா?"

கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"ஊத்தியிருக்கலாம்" என்றாள் செல்லக்கனி.

அவன் தலையாட்டிவிட்டு, சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே தெருக்கோடிவரை நடந்தான்.